ஞாயிறு பன்னிரண்டு, புதன் ஒன்றே முக்கால்

1

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். கோடை நேரம் முடிந்து குளிர்கால நேரம் தொடங்குகிறது என்று அர்த்தம். கைபேசியும் கணினியும் தாமாகவே மாறிக்கொள்ளும். எங்கள் வீட்டில் கையால் மாற்ற வேண்டியவை இரண்டுதான். ஒன்று சமையலறை அடுப்பில் இருக்கும் கடிகாரம், இன்னொன்று என் அப்பா.

அப்பா இருப்பது அரியலூரில். நான் இருப்பது ஜெர்மனியில், ஹனோவர் நகரத்தில், பன்னிரண்டு வருடமாக. கோடையில் இரண்டு ஊருக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். கடிகாரத்தைத் தள்ளி வைத்ததும் அது நாலரை ஆகிவிடும். அப்பாவிடம் முதல் வருடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. கவர்மெண்டே சொல்லி ஒரு நாடு முழுக்க நேரத்தை மாற்றுமா என்று இரண்டு தரம் கேட்டார். அவருடைய தொழிலில் அது பெரிய குற்றம்.

இந்த வருடம் அடுப்புக் கடிகாரத்தை மாற்றப் போனவள் பொத்தானில் விரலை வைத்தபடியே நின்றுவிட்டேன். என் கணவர் செந்தில் பார்த்துவிட்டு, விடு, நான் மாற்றுகிறேன் என்றார். இல்லை, நானே மாற்றுகிறேன் என்றேன். ஏன் என்று அவருக்குத் தெரியும். ஊரில் இருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன்.

2

நான் நாட்களைக் கட்டம் போட்டு வாழும் ஆளாக மாறியதற்குக் காரணம் ஒரு அவமானம்.

வந்த புதிதில், விசா நீட்டிப்புக்காக வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு ஒரு நேரம் கொடுத்திருந்தார்கள். போனில் சொன்ன பெண் ‘அரை பத்து’ என்று சொன்னாள். நான் பத்தரை என்று எடுத்துக்கொண்டேன். இவர்களுக்கு அரை பத்து என்றால் ஒன்பதரை. பத்தாவது மணியில் பாதி வந்திருக்கிறதாம். நான் பத்தே காலுக்கே போய், கால் மணி நேரம் முன்னதாக வந்த பெருமையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் என் பெயரை அடித்துப் பார்த்துவிட்டு, உங்கள் நேரம் போய்விட்டது என்றார். திட்டவில்லை, முறைக்கவில்லை. ஆறு வாரம் தள்ளி இன்னொரு நேரம் கொடுத்தார். அந்த ஆறு வாரமும் நான் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்தேன்.

அதன் பிறகு லிஃப்டுக்கு உதிரிப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. உற்பத்தித் திட்டமிடும் பிரிவு. பக்கத்து மேசையில் இருந்த ஊர்சுலாதான் எனக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தாள். செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியல் போடாதே, பட்டியல் தீரவே தீராது. ஒவ்வொரு வேலைக்கும் நாட்காட்டியில் ஒரு கட்டம் போடு. கட்டத்துக்குள் அந்த ஒரு வேலைதான். முடிந்தால் முடிந்தது, முடியாவிட்டால் அதற்கு இன்னொரு கட்டம். அவ்வளவுதான் அவள் சொன்னது.

எனக்கு அது மிகவும் பிடித்துப் போனது. ஒரே மாதத்தில் என் வாரம் முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள். ஒன்பது முதல் பதினொன்று நீலக் கட்டம், யாரும் குறுக்கே வரக்கூடாத வேலை. செவ்வாய் மாலை ஆறு முதல் எட்டு மஞ்சள், எங்கள் குடியிருப்பில் துணி துவைக்கும் அறை எங்கள் முறை. மகன் இளனுக்குத் தமிழ் சொல்லித்தர சனிக்கிழமை ஒரு ஆரஞ்சுக் கட்டம். நீலக் கட்டத்தில் யாராவது போன் செய்தால் எடுக்காமல், தயாராக எழுதி வைத்த ஒரு வரியை ஒரே தட்டில் அனுப்பிவிடலாம். ‘வேலையில் இருக்கிறேன். ஞாயிறு பேசலாம்.’ ஊர்க்காரர்களுக்காகத் தமிழில் எழுதி வைத்திருந்தேன்.

நான்கு வருடத்துக்கு முன் அப்பாவுக்கும் ஒரு பச்சைக் கட்டம் போட்டேன். ஞாயிறு பன்னிரண்டு முதல் பன்னிரண்டரை. அதற்கு முன்னால் டிராமில் நின்றுகொண்டும், கடை வரிசையிலும் அரையும் குறையுமாக அவரோடு பேசிக்கொண்டிருந்தவள் நான். அரை மணி நேரத்தை அவருக்கென்று ஒதுக்கியதை மரியாதை என்றே நினைத்தேன். அவரும் சந்தோஷப்பட்டார்.

“அதான் சரி பாப்பா. வண்டிக்குன்னு ஒரு டைம் இருந்தாத்தான் ஜனம் நம்பி வந்து நிக்கும்” என்றார்.

3

அப்பா பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பராக இருந்தவர். அரியலூரிலிருந்து தினமும் முதல் வண்டியில் போய், கழுத்தில் விசில், கையில் ஒரு நீள நோட்டு, வலது கையில் வாட்ச் என்று நிற்பார். எல்லாரும் இடது கையில் கட்டுவார்கள். நோட்டை இடது கையில் பிடிப்பதால் இவர் வலது கையில் கட்டிக்கொண்டார்.

வெளியே இருப்பவர்களுக்கு பஸ் ஸ்டாண்ட் இரைச்சலாகத்தான் தெரியும். உள்ளே எல்லாமே நிமிடக் கணக்கு. பாடாலூர் போகிற வண்டி இத்தனை மணிக்கு உள்ளே வர வேண்டும், நான்கு நிமிடம் நிற்கலாம், ஐந்தாவது நிமிடம் அந்த இடம் ஜெயங்கொண்டம் வண்டிக்கு. ஒரு வண்டி இரண்டு நிமிடம் கூடுதலாக நின்று அடுத்தவனுடைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போனால் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குச் சண்டை வரும். அப்பா நடுவில் போய் நோட்டைத்தான் நீட்டுவார். அவர் நோட்டில் எழுதியது தப்பு என்று யாரும் சொன்னதில்லை.

அவருக்கு இரண்டே விதிகள். அடுத்த வண்டியின் நேரத்தில் நுழையக் கூடாது. தன் நேரம் வந்துவிட்டால், ஒரு ஆள்கூட ஏறாவிட்டாலும் வண்டியை எடுத்தாக வேண்டும். மழை நாளில் டிரைவர்கள் கெஞ்சுவார்கள், இன்னும் அஞ்சு பேர் ஏறட்டுங்க சார் என்று. விசில் அடித்துவிடுவார்.

இவ்வளவு கறாரான மனுஷன் வீட்டில் தினசரிக் காலண்டரைப் பார்க்காமல் ஒரு காரியமும் செய்ய மாட்டார். ராகு காலத்தில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார். குளிகையில் செய்வது திரும்பத் திரும்ப நடக்கும் என்பதால் நல்லதை மட்டும் குளிகையில் செய்வார். நகை வாங்குவது குளிகையில், டாக்டரிடம் போவது ஒருபோதும் குளிகையில் கிடையாது. நான் ஜெர்மனிக்குக் கிளம்பியபோதுகூடக் குளிகை பார்த்துத்தான் படி இறங்கச் சொன்னார். திரும்பத் திரும்ப வந்து போகட்டும் என்று. நான் சிரித்துக்கொண்டே இறங்கினேன். அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். அவளும் சிரித்தாள்.

4

ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு முன் அந்த வாரத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே ஒரு வரி எழுதி வைப்பது என் பழக்கம். நேரம் வீணாகப் போனதா, உருப்படியாகப் போனதா என்று பார்த்துக்கொள்ளத்தான்.

போன வருடம் சளி பிடித்து வீட்டில் கிடந்த ஒரு நாள், பச்சைக் கட்டத்தின் குறிப்புகளை மட்டும் தனியாக எடுத்துப் படித்தேன். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை எழுதியவை நீளமாக இருந்தன. ‘எதிர் வீட்டுப் பையனுக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. அப்பா லட்டு வாங்கிக் கொடுத்தார்.’ ‘திருமழபாடி கோயிலில் பழைய கண்டக்டர் ஒருவரைப் பார்த்து ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்.’ ‘இளன் தமிழில் பெயர் எழுதி அனுப்பியதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்.’ நவம்பர் முதல் மார்ச் வரை வேறு ஆள் பேசியதைப் போல இருந்தது. ‘மழை. சாப்பிட்டார். நன்றாக இருக்கிறாராம்.’ அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரம் மழை மட்டும் இல்லை. அதற்கு முந்தைய குளிர்காலங்களிலும் அப்படியே.

செந்திலிடம் காட்டினேன். குளிர்காலத்தில் இங்கே வெயிலே இல்லை, உனக்குத்தான் மனது சோர்ந்துபோகிறது, கேட்டதைச் சுருக்கமாக எழுதுகிறாய் என்றார். இந்த ஊரில் எதற்கும் அதுதான் காரணம். வைட்டமின் டி மாத்திரை வாங்கி வந்தார். நானும் ஒழுங்காக விழுங்கினேன். அரியலூரில் எது குளிர்காலம் என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிப்பதற்குத் தனியாகக் கட்டம் போடவில்லை.

5

நாங்கள் நினைத்தபோது ஊருக்கு வர முடிவதில்லை. விடுமுறையை ஜனவரியிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த முறை இளனின் பாஸ்போர்ட் காலாவதியாகி, அதைப் புதுப்பிக்க நேரம் கேட்டால் பத்து வாரம் தள்ளிக் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து ஆகஸ்டில் அரியலூருக்கு வந்து இறங்கினோம். இரண்டு வருடம் கழித்து.

வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை. அப்பாவின் வலது பக்கம் நின்று காபியை நீட்டினேன். அவர் நேரே பார்த்தபடி இளனோடு பேசிக்கொண்டிருந்தார். அப்பா, காபி என்றதும் முழு உடம்பையும் திருப்பித் தேடினார். வாட்ச் இடது கைக்கு மாறியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். மணி பார்ப்பதற்கு அந்தக் கையை இடது கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

என்ன ஆச்சு என்று கேட்டேன். மணி நாலு. அவர் மறுபடியும் வாட்சைப் பார்த்தார்.

“நாலரை ஆவட்டும் பாப்பா, சொல்றேன்.”

செவ்வாய்க்கிழமை மூன்று முதல் நாலரை வரை ராகு காலம். நாலே முக்காலுக்கு அவரே எழுந்துபோய் பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். திருச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் ஃபைல். கண்ணுக்குள் நீர் அழுத்தம். இரண்டு கண்ணிலும் இருக்கிறது, வலதில் அதிகம், சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும், கூட ஒரு ஆள் தங்க வேண்டும் என்று எழுதியிருந்தது. போட்டிருந்த மாதம் போன நவம்பர். சொட்டு மருந்து மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு ஒன்பது மாதத்தை ஓட்டியிருக்கிறார். ஊரில் ஒருவருக்கும் தெரியாது. உனக்குச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன் என்றார்.

ஒவ்வொரு வாரமும் பேசினோமே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் பெரிதாகிவிட்டது. அவர் நோட்டில் எழுதியிருப்பதை வாசிப்பதைப் போல நிதானமாகச் சொன்னார்.

“நீ குளுருல போன் போடுறது இங்க நாலரை. ஞாயித்துக்கெழம நாலரைலேர்ந்து ஆறு ராகு காலம். கண்ணு விஷயத்த அதுலயா ஆரம்பிக்கிறது? வெயில் காலத்துல மூணரைக்குப் போடுவ. அது குளிகை. கெட்டத குளிகைல சொன்னா திரும்பத் திரும்பச் சொல்ற மாதிரி ஆயிடும்.”

நான்கு வருடமாக நான் பார்த்துப் பார்த்து வைத்திருந்த பச்சைக் கட்டத்தில் கெட்ட செய்திக்கு இடமே இருந்ததில்லை. குளிர்காலத்தில் எந்தச் செய்திக்கும் இடமில்லை. எனக்கு வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். ராகு காலம் பார்த்துக் கண்ணைத் தொலைத்துவிட்டீர்களே, படித்துப் படித்துச் சொன்னாலும் புத்தி வராதா என்று கத்தினேன். இளன் வாசலுக்குப் போய்விட்டான். அப்பா நான் கத்தி முடிக்கும் வரை காத்திருந்தார்.

“நல்ல நேரம் பாத்தும் போட்டேன் பாப்பா. ரெண்டு தரம். புதன்கெழம, ராகு காலம் முடிஞ்சு ஒண்ணே முக்காலுக்கு. ஞாயித்துக்கெழம பேசலாம்னு நீதான் அனுப்புன.”

போனை எடுத்து நவம்பருக்குப் போனேன். இருந்தது. ‘வேலையில் இருக்கிறேன். ஞாயிறு பேசலாம்.’ அடுத்த புதனும் அதே வரி. இங்கே காலை ஒன்பதே கால், நீலக் கட்டம். அந்தக் கட்டத்தில் அப்படி என்ன கிழித்தேன் என்று தேடினேன். எழுதி வைத்திருந்தேன்: ‘அடுத்த வருட விடுமுறைப் பட்டியல் சரிபார்த்தல்.’

மூன்றாவது தரம் கூப்பிட்டிருக்கக் கூடாதா, நான் என்ன அந்நியமா என்று கேட்டேன். இப்போது என் குரல் எழும்பவில்லை.

“உன் டைம்ல நான் பூந்தா நல்லாவா இருக்கும். ஸ்டாண்டுல அதுக்குத்தான அவ்ளோ சண்டை” என்றார் அப்பா.

அவர் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். அன்று நான் அழுததை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். அழுதேன்.

6

திருச்சிக்கு அழைத்துப் போனோம். வலது கண்ணில் போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர். நவம்பரிலேயே செய்திருந்தால் என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இடது கண்ணைக் காப்பாற்றிவிடலாம், ஆனால் கவனமாக இருக்க வேண்டும், வலியோ மங்கலோ தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. இதை டாக்டர் இரண்டு தரம் சொன்னார். நான் அதை நாலு தரம் சொன்னேன். ஆபரேஷன் எந்த நாள், எந்த மணி என்பதை அப்பாவே காலண்டரைப் பார்த்துச் சொன்னார். நான் அதையே டாக்டரிடம் சொன்னேன்.

கிளம்புவதற்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவரே பெரிய எழுத்தில் எழுதினார். நல்ல சேதி ஞாயிறு மூன்றரை. கெட்ட சேதி புதன் ஒன்றே முக்கால். இரண்டும் இந்திய நேரம். ஞாயிறு நான் கூப்பிட வேண்டும். புதன் கெட்டது இருந்தால் மட்டும் அவர் கூப்பிட வேண்டும், அதுவரைக்கும் காத்திருக்க முடியாத அவசரம் என்றால் எந்த நேரமும் பார்க்காமல் கூப்பிட வேண்டும். கடைசியில் சொன்னதற்கு ஒத்துக்கொள்ள வைக்கத்தான் பாடு பட்டேன். இளன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யுங்கள் என்றேன். சத்தியமெல்லாம் எதுக்கு, சரின்னா சரிதான் என்றார்.

என் நாட்காட்டியில் அந்த இரண்டு கட்டங்களை மட்டும் இந்திய நேரத்தில் பூட்டி வைத்தேன். இங்கே யார் கடிகாரத்தை எப்படித் தள்ளினாலும் அவை ராகு காலத்துக்குள் போய் விழாது. புதன் கட்டம் நீலத்தின் நடுவில் வருகிறது. கால் மணி நேரம். என்ன நிறம் கொடுப்பது என்று தெரியாமல் வெள்ளையாகவே விட்டுவிட்டேன். ஊர்சுலா அதைப் பார்த்து, இது என்ன ஓட்டை என்று கேட்டாள். ராகுவை ஜெர்மன் மொழியில் விளக்கப் போய் மூச்சு வாங்கியது. கடைசியில், மேலே வானத்தில் ஒருவருக்கு தினமும் ஒன்றரை மணி நேரம் கூட்டம் இருக்கிறது, அப்போது எதையும் தொடங்கக் கூடாது என்று என் அப்பா நம்புகிறார் என்றேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. தினமுமா, பாவம் என்றாள்.

7

செப்டம்பரிலிருந்து புதன்கிழமைகளில் நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். இந்திய நேரம் ஒன்றே முக்கால் ஆனதும் கணினியை மூடி வைத்துவிட்டு, சமையலறை மேசையில் போனை வைத்துக்கொண்டு உட்காருவேன். அந்தக் கால் மணி நேரம் எந்த வேலையும் ஓடாது. இரண்டு மணி ஆனதும் எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பேன். போன் ஒரு புதன்கூட அடிக்கவில்லை. அடிக்காததுதான் நல்லது, தெரியும். ஆனாலும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இளனுக்குப் பதின்மூன்று வயது. சனிக்கிழமை ஆரஞ்சுக் கட்டத்தை எப்படியாவது கால்பந்துக்கு மாற்றிவிடுவான். தமிழ் அவனுக்கு நாக்கில் புரளாது. தாத்தாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனை என்னிடம் நீட்டிவிடுவான். இலையுதிர்கால விடுமுறையில் வீட்டில் இருந்தபோது அவன் என்னைப் புதன்கிழமை கவனித்திருக்கிறான். எனக்குத் தெரியாது. கடிகாரத்தை மாற்றிய அந்த ஞாயிறு, பதினோரு மணிக்கு அப்பாவைக் கூப்பிட்டு, பேசிவிட்டு, போனை அவனிடம் கொடுத்தேன். அவன் அதை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கிரிக்கெட் பற்றிக் கேட்கிறான் என்று நினைத்தேன்.

மூன்று நாள் கழித்து, புதன். குளிர்கால நேரத்தில் ஒன்பதே கால். மேசையில் போன் அடித்தது. அப்பா.

எடுப்பதற்குள் எனக்கு இடது கண் என்பதைத் தவிர வேறு எந்த நினைப்பும் இல்லை. சொல்லுங்கப்பா என்றேன்.

“ஒண்ணும் இல்ல பாப்பா. கண்ணு நல்லாருக்கு. கெட்ட சேதி எதுவும் இல்ல, அதச் சொல்லத்தான் போட்டேன்.”

நான் அடுப்புக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“ஒவ்வொரு புதனும் நீ போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியாமே. தம்பி சொன்னான். அம்மா பேசாது, போனப் பாக்குதுன்னு.”

ஆமாம்ப்பா என்றேன்.

“இனிமே வாராவாரம் போடுறேன். டைம் ஆயிடுச்சுன்னா வண்டி காலியா இருந்தாலும் எடுத்துரணும்ல. அங்க ஒரு ஆளு நம்பி நிக்கும்.”

வைக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மீதிப் பதினான்கு நிமிடமும் நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.